பீட்ரூட் சாறும் தவமணி டீச்சர் தம் கட்டுனதும்

குடிச்சாச்சு. கப்போட அடியில செகப்பா ஒரு வட்டம் பாக்கி, நாக்குல பச்ச மண்ணு வாசன பாக்கி, இனிமே ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணும்னு சொல்லிட்டா அந்தப் பிள்ள. சும்மா! தவமணி டீச்சரப் போயி சும்மா உக்காருன்னா எப்படிங்க? திருமங்கலத்துப் பக்கம் ஒரு கவர்மென்ட் ஸ்கூல்ல இருவது வருசமா பி.டி. டீச்சரா இருந்து, பொம்பளப் பிள்ளைகளக் கபடி ஆட விட்டு, கோட்டுக்கு வெளிய அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி, கத்தி, விசில் ஊதி, வெயில்ல காஞ்சு முறுகுன ஒடம்பு அது. அதக் கொண்டாந்து மதுரையில ஒரு மெடிக்கல் காலேஜ் மாடியில, ஜன்னல் இல்லாத ரூமுல, சாஞ்ச நாற்காலியில போட்டு, ஏசியையும் போட்டுவிட்டு, போன் பாக்காதீங்கக்கா, தூங்கிராதீங்கக்கா, நடக்காதீங்கக்கா, தண்ணி மட்டும் குடிக்கலாம்க்கான்னா, ஒடம்பு கேட்டுக்கும், அது பாவம், சொன்னபடி செஞ்சே பழகுன ஒடம்பு. மண்ட கேக்குமா? அது பாட்டுக்குக் கெளம்பிருச்சு. மொதல்ல காப்பிக்குப் போச்சு. நேத்து சாயங்காலத்துல இருந்து காப்பி கெடையாது, டீ கெடையாது, சாக்லேட்டு, வெத்தல ஒண்ணும் கெடையாது. நெத்தியில கொக்கி மாட்டி இழுக்கிற மாதிரி ஒரு வலி காலையில இருந்தே இருக்கு. எந்த வலி வந்தாலும் இப்பல்லாம் 'அதுவா இருக்குமோ'ன்னுதான் மொதல்ல நெனப்பு வரும். வந்ததும் பரிதாகிட்டக் கேட்டா. பரிதாதான் இந்த ஆராய்ச்சியப் பண்ற பிள்ள, இன்னும் படிச்சுக்கிட்டிருக்கு, கண்ணாடி மூக்குல நிக்காம வழுக்கி வழுக்கி வரும். "அது காப்பி வலிக்கா. காப்பி மூளக்குப் போற ரத்தக்குழாயச் சுருக்கி வச்சிருக்கும். தெனம் குடிக்கிறவங்க திடீர்னு நிப்பாட்டுனா குழாயெல்லாம் அகலமாயிரும். ரத்தம் கூட ஓடுது, அதான் வலிக்குது"ன்னு சிரிச்சா. ரத்தம் கூட ஓடுறதுக்கு வலிக்குதாம். அப்ப நல்ல வலிதான? காப்பியும் செடியில காய்க்கிறதுதான், பீட்ரூட்டும் செடிக்கு அடியில வெளையுறதுதான். ஒண்ணு குழாயச் சுருக்குது, ஒண்ணு விரிக்குது. காலையில காப்பியக் குடிச்சுச் சுருக்கி, மத்தியானம் பீட்ரூட் பொரியலத் தின்னு விரிச்சு, இத்தன வருசமா தனக்கே தெரியாம தன் மண்டைக்குள்ள ஒரு கேட்டத் தெறந்து தெறந்து மூடியிருக்கமான்னு தவமணிக்கு ஒரு நிமிசம் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அந்த மொகம் ஞாபகத்துக்கு வந்துச்சு, சிரிப்பு போயிருச்சு.

மொகந்தான் பிரச்சன. பரிதாவோட மொகம். ஜூஸக் குடிக்கிறதுக்கு முன்னாடி ஒருக்க, குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒருக்க அளக்கணும். தலயச் சுத்தி ஒரு பட்டையக் கட்டி, ரெண்டு நெத்திப் பொட்டுலயும் குளுகுளுன்னு பசையத் தடவி, பொத்தான் மாதிரி ஒண்ண அழுத்தி வச்சா பரிதா. அதுல இருந்து நம்ம காதுக்குக் கேக்காத ஒரு சத்தம் எலும்பத் தாண்டி உள்ள போகுமாம், ஓடுற ரத்தத்துல மோதித் திரும்பி வருமாம், ரத்தம் எம்புட்டு வேகமா ஓடுதுன்னு அத வச்சு மிஷின் கண்டுபிடிச்சிருமாம். கண்டுபிடிக்கிறது மட்டுமில்ல, கேக்கவும் செய்யலாம். பரிதா ஒரு திருகத் திருகுனா, ரூம் பூராம் ஷ்ஷுக்... ஷ்ஷுக்... ஷ்ஷுக்ன்னு ஒரே சத்தம். தேங்கா நார வச்சு யாரோ பெரிய அண்டாவத் தேய்க்கிற மாதிரி. "இது என்னம்மா?" "நீங்கதான்க்கா. உங்க எடது பக்க மூளக்குப் போற ரத்தம்." எடது பக்கம்! பேச்சு இருக்கிற பக்கம்! தவமணிக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நாப்பத்திமூணு வருசமா உள்ளுக்குள்ள இப்படி ஒருத்தி உக்காந்து தேச்சுக்கிட்டே இருந்திருக்கா, ஒரு நாள் லீவு கெடையாது, கூலி கெடையாது. ஆசையா அதக் கேட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் பரிதா மிஷின் பக்கம் திரும்பிக்கிட்டு, "அக்கா, இப்ப நான் சொன்னதும் அர நிமிசம் மூச்ச நிப்பாட்டணும், சரியா? ஒண்ணு, ரெண்டு, நிப்பாட்டுங்க"ன்னா. தவமணி நிப்பாட்டுனா. மூச்ச நிப்பாட்டுறது அவளுக்குப் புதுசா? ஆனா அங்கதான் அந்த அண்டாக்காரிக்குக் கை ஓஞ்சு போச்சு. ஷ்ஷுக்ன்னு இருந்தது ஷ்ஷூ... ஷூ...ன்னு தேஞ்சு, யாரோ கதவ அடச்சுட்டு அங்கிட்டுப் போயித் தேய்க்கிற மாதிரி ஆயிருச்சு. பரிதா தெரையப் பாத்தா. கண்ணாடிய மேல தள்ளிட்டு மறுபடி பாத்தா. "என்னம்மா?" "ஒண்ணுமில்லக்கா, ஓகே. ஓகே." ஒரு ஓகே சொல்லியிருந்தா ஓகே. ரெண்டாவது ஓகே எதுக்கு? இருவது வருசமா பொட்டப் பிள்ளைககிட்ட 'கால் வலிக்குதாடி'ன்னு கேட்டு, 'இல்ல டீச்சர், இல்ல டீச்சர்'ன்னு ரெண்டு தடவ வாங்குனவ அவ. ரெண்டாவது தடவ சொல்றது எப்பவும் பொய். மூச்ச நிப்பாட்டுனா ரத்தம் கூடணுமா கொறையணுமா? அதையாவது கேட்டிருக்கலாம். கேக்கல. கேட்டு, கூடணும்க்கான்னு அது சொல்லிட்டா? கப்ப நீட்டுச்சு, வாங்கி மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டா.

மார்ச்சுல ஒரு நாள் அது. சாயங்காலப் பிராக்டீஸ். அன்னிக்கு சங்கவி பாடிப் போறா. கேப்டன் பிள்ள, மூச்சு விடாம 'கபடி கபடி'ன்னு சொல்லிக்கிட்டே எதிர்க் கோட்டுக்குள்ள பாம்பு மாதிரி போயிட்டு வரும். இடது மூலயில ஒருத்தி பதுங்குறா, சங்கவி பாக்கல. திரும்புடின்னு கத்தணும். பேரச் சொல்லிக் கத்தணும். வாயத் தெறந்தா, பேரு இல்ல. மறந்து போகல. மறந்துபோனா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும்ல, நாக்கு நுனியில இருக்கும், தொண்டயில மாட்டும். இது அப்படி இல்ல. பேரு வைக்கிற எடமே இல்ல. அலமாரியத் தெறந்தா அலமாரிக்குள்ள செவுரு. கையில இருந்த விசிலு கீழ விழுந்து கெடக்கு, எப்ப விழுந்துச்சுன்னு தெரியல, கையி தன்னோடது மாதிரியே இல்ல, யாரோ ஒருத்தி மறந்து வச்சுட்டுப் போன கையி மாதிரி தொங்குது. பிள்ளைக எல்லாம் ஆட்டத்த நிறுத்திட்டு பாக்குதுக. அந்தப் பார்வ. பதினாலு ஜோடிக் கண்ணு. "டீச்சர்? டீச்சர்?" கொஞ்ச நேரந்தான், ஒரு பாட்டு முடியிற நேரம், எல்லாம் திரும்பி வந்துருச்சு, கையி வந்துச்சு, பேச்சு வந்துச்சு, சங்கவிங்கிற பேரு சப்புன்னு வந்து உக்காந்துக்கிச்சு. மொதல்ல சொன்னது என்ன தெரியுமா? "காலையில சாப்புடலடி, அதான்." பொய். நாலு இட்லி சாப்பிட்டிருந்தா. அன்னிக்கே ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஊசி, மாத்தர. நரம்பு டாக்டர் படத்தையெல்லாம் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "பக்கவாதம் வந்துட்டுப் போயிருச்சும்மா, எதையும் ஒடைக்காமப் போயிருச்சு. மாத்தரய விடாதீங்க, தாராளமா வேலைக்குப் போங்க, கிரவுண்டுக்கும் போங்க"ன்னுட்டாரு. வேலைக்குப் போனா. கிரவுண்டுக்குப் போகல. கிரவுண்டுக்கு முன்னாடி ஒரு வேப்பமரம் இருக்கு, அது வரைக்கும்தான். அங்க நின்னுக்கிட்டு கையக் காட்டுறது, ஒண்ணும் கத்தாம. வெயிலு ஒத்துக்கலடின்னு சொல்றது. செத்துப் போறதுக்கு அவளுக்குப் பயமில்லங்க, அது எல்லாருக்கும் வர்றது. அந்தப் பிள்ளைக முன்னாடி மறுபடி வாயத் தெறந்து, உள்ள செவுரு இருந்துச்சுன்னா? அதுக்குத்தான் பயம். சனிக்கிழம சிவகாசியில மண்டலப் போட்டி. எச்.எம். இன்னிக்கு காலையில போன் போட்டு, "தவமணி, நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல சயின்ஸ் சார அனுப்பிரவா? சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க"ன்னாங்க. சொல்றேன் மேடம்னா. சயின்ஸ் சாருக்குக் கபடிக்கும் கேரம்போர்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இருந்தாலும் அவருக்குப் பேரு மறக்காது.

வீட்டுல அவரு இருக்காரே, குருநாதன், ஈ.பி.யில லைன்மேனு, கரெண்டத் தவிர வேற எதுக்கும் பயப்படாத மனுசன், அன்னிக்கு ராத்திரியில இருந்து செடி கொடி டாக்டராயிட்டாரு. போன்ல எவன் எவனோ அனுப்புறதெல்லாம் படிச்சுட்டு, காலையில வல்லாரத் தொவையல், மத்தியானம் மாதுளம்பழம், ராத்திரி பாலுல வேகவச்ச பூண்டு. "தவம், இதக் குடி, மூளக்கு நேரா போகுமாம்." "நேரா எப்படிங்க போகும், வயித்துல பஸ் மாறாமயா?" "சிரிக்காதடி. லைன்ல லோடு கொறஞ்சா ஊரே இருட்டு. ஒனக்கு வந்தது டிரிப்பு. டிரிப்பாச்சு, தானா வந்துருச்சு. ஆனா ஏன் டிரிப்பாச்சுன்னு பாக்கணுமா இல்லயா?" அந்த மனுசன் சொல்றது எப்பவும் கம்பியும் கம்பமுமாத்தான் இருக்கும், ஆனா அன்னிக்கு அவரு கண்ணுல தண்ணி நின்னுச்சு, அதப் பாத்துட்டு மறுபேச்சுப் பேசாம பூண்டுப் பால மூக்கப் பொத்திக்கிட்டுக் குடிச்சா. மாத்தரய விட்டுட்டு இதெல்லாம் செய்யுறீங்களான்னு நரம்பு டாக்டர் ஒருக்க கேட்டாரு. இல்ல டாக்டர், மாத்தரயோட சேத்துன்னா. அப்பத்தான் அவரு சிரிச்சுட்டு, "இவ்வளவு ஆர்வம் இருக்குன்னா, எங்க காலேஜ்ல ஒரு பிள்ள பீட்ரூட்ட வச்சு ஆராய்ச்சி பண்ணுது, ஒரு தடவ இப்படி வந்துட்டுப் போனவங்களத்தான் தேடிக்கிட்டிருக்கு, போறீங்களா"ன்னாரு. பீட்ரூட்டா! குருநாதனுக்குத் தல கால் புரியல. "நாஞ் சொல்லல? நாஞ் சொல்லல?" அவரு பீட்ரூட்டச் சொல்லவே இல்ல. வல்லாரயத்தான் சொன்னாரு. போகட்டும்.

"தூங்கிட்டீங்களாக்கா?" "இல்லம்மா. ஏம்மா பரிதா, இந்தச் சாறு இப்ப எதுவர போயிருக்கும்?" சும்மா உக்காருங்கன்னு சொன்ன பிள்ளதான், ஆனா இந்தக் கேள்விய யாராவது கேக்க மாட்டாங்களான்னு ஏங்கிக் கெடந்திருக்கும்போல, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துருச்சு. கண்ணாடிக்குப் பின்னாடி கண்ணு மின்னுது. பீட்ரூட்டுல ஒரு உப்பு இருக்காம், கீரையிலயும் இருக்காம், நைட்ரேட்டுன்னு பேரு. குடிச்சதும் வயித்துக்குப் போயி, ரத்தத்துல கலந்து, அங்கன இருந்து திரும்பி எச்சியில வருமாம். "திரும்பியா?" "ஆமாக்கா, திரும்ப வாய்க்கே வரும். நாக்குக்குப் பின்னாடி சில கிருமிக இருக்கு, நல்ல கிருமி. அதுக இத வேற ஒண்ணா மாத்திவிடும். அத நீங்க எச்சியோட மறுபடி முழுங்குனதும், உள்ள போயி ரத்தக்குழாய் செவுத்த லேசாத் தளத்திவிடும். அதான் காலையில வாய் கொப்பளிக்கிற மருந்தத் தொடாதீங்கன்னு சொன்னேன். கிருமி செத்துட்டா எல்லாம் வேஸ்ட்டு." தவமணி நாக்க மடிச்சுப் பின்னாடி தொட்டுப் பாத்தா. எப்பேர்ப்பட்ட வேல! இத்தன நாளா வாயி பேசுறதுக்கு மட்டும்னு நெனச்சது எம்புட்டுத் தப்பு, பேச்சு வர்றதுக்கான ரத்தத்த அங்கிட்டு அனுப்புறதுக்கும் இந்த வாயிலதான் ஆளு வேல பாக்குது. "அப்ப எனக்குத் தளந்திருக்குமா?" பரிதா ஒடனே உஷாராயிருச்சு. "அது சொல்ல முடியாதுக்கா. ரெண்டு பாட்டில் இருக்கு. ஒண்ணுல அந்த உப்பு இருக்கு. இன்னொண்ணுல அத மட்டும் எடுத்துட்டாங்க. நெறம், ருசி, வாசன எல்லாம் ஒண்ணுதான். உங்களுக்கு எது வந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சா நம்ம மனசே பொய் சொல்ல வச்சுரும்ல?" "அப்ப வெறும் செகப்புத் தண்ணியக் குடிச்சுட்டு உக்காந்திருக்கேனா நான்?" "இருக்கலாம்க்கா. இல்லாமயும் இருக்கலாம்." நல்லா சொன்ன போ. பாத்ரூமுக்குப் போனா தவமணி. போன எடத்துல குனிஞ்சு பாத்துட்டு நெஞ்சு நின்னே போச்சு, ஒரே செகப்பு. செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அப்புறந்தான், காலையிலயே அந்தப் பிள்ள கூச்சப்பட்டுக்கிட்டே, அக்கா பயந்துராதீங்க, பீட்ரூட்டு சில பேருக்கு அப்படியே செகப்பா எறங்கும்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. செவுத்த விட்டா. மொகத்தக் கழுவிட்டு வெளிய வந்து, "ஏம்மா, சொல்லியிருந்தும் உசுரு போயி வந்துருச்சும்மா"ன்னா. பரிதா கையால வாயப் பொத்திக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. "போன வாரம் ஒரு தாத்தா உசுரு போகப் போகுதுன்னு அங்கன இருந்தே கலிமா சொல்ல ஆரம்பிச்சுட்டாருக்கா."

சிரிச்சு முடிச்சதும் ரூம் மறுபடி அமைதியாயிருச்சு, ஏசி மட்டும் ஒரே சுதியில. இப்ப தவமணி கண்ண மூடிக்கிட்டு உள்ள தேட ஆரம்பிச்சா. ஏறுதா? காதுக்குப் பின்னாடி லேசா வெதுவெதுன்னு இருக்கே, அதுவா? கையி கொஞ்சம் லேசா இருக்கே, அதுவா? இல்ல அது நாற்காலியோட கைப்பிடி வெதுவெதுப்பா? பேருகளச் சொல்லிப் பாக்கலாம்னு தோணுச்சு, சத்தமில்லாம, பிள்ளைக பேரு, ஜெர்சி வரிசப்படி, சங்கவி, அபிநயா, மகிஷா, ஜெனிபர், அடுத்தது, அடுத்தது யாரு, அந்த நெட்டப் பிள்ள, ரெட்ட ஜட போட்டது, அவ அப்பா டயர் கடை வச்சிருக்காரு, அவளோட கொலுசு சத்தம் ஞாபகம் இருக்கு, அவ பெருவெரலுல அடிபட்டது ஞாபகம் இருக்கு, பேரு? ஐயோ பேரு? எந்திரிச்சு பரிதாவக் கூப்பிடலாமான்னு வாயத் தெறக்கும்போது பவதாரிணி! பவதாரிணி, எப்பவும் வாயில நொழையாத பேரு, அவளப் பவான்னுதானே கூப்பிடுறது, எல்லாருக்கும் மறக்கிற பேருதான், எச்.எம்.முக்கே வராது. மூச்சு திரும்ப வந்துச்சு. இதுதான் நோயி, தெரியுதா, ஒரு தடவ வந்துட்டுப் போனது நோயி இல்ல, அது போயிருச்சு, அதுக்கப்புறம் ஒவ்வொரு பேரையும் பரிச்ச பேப்பர் மாதிரி திருத்திக்கிட்டே திரியிறோமே இதுதான்னு நெனச்சா. நெனச்சதுல ஒரு தெம்பு வந்துச்சு, வந்த வேகத்துல அந்த ரெண்டாவது ஓகே ஞாபகம் வந்து தெம்பு எறங்கிப் போச்சு. சத்தம் தேஞ்சது கேட்டமே. நம்ம காதால கேட்டமே. டாக்டர் படத்தப் பாத்துச் சொன்னாரு, படம் அசையாது. இது ஓடுறப்பவே கேட்டது. மூச்ச நிப்பாட்டுற அம்புட்டு நேரங்கூடத் தாங்காத ரத்தம், வெயில்ல, கத்துறப்ப, ஆட்டம் கடைசி நிமிசத்துல, எப்படித் தாங்கும்? மூச்சு! ஒரு காலத்துல அவ பாடிப் போனா எதிர்க் கோட்டுல ஆளுக வெளிறிப் போயி நிக்குங்க. காலேஜுல ஆடுறப்ப மூச்சு முடியுமா முடியாதான்னு வெளிய நிக்கிறவளுக பந்தயம் கட்டுவாளுக. கோட்டத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவ புஸ் புஸ்ஸுன்னு காத்த வெளிய தள்ளி, அப்புறம் நெஞ்சு நெறய இழுத்து, வயித்த இறுக்கி, தம் கட்டி எறங்குனா, திரும்பி வர்றவர ஒடம்பே ஒரு கல்லு மாதிரி. அந்த மூச்சுக்காரியோட மண்டைக்குள்ளயா அண்டாக்காரி கை ஓஞ்சு உக்காருறது? அது எந்த நியாயம்?

"அக்கா, நேரமாச்சு, கட்டுவோமா?" மறுபடியும் பட்டை, மறுபடியும் பசை, மறுபடியும் ஷ்ஷுக் ஷ்ஷுக். நல்லாத்தான் தேய்க்கிறா அண்டாக்காரி. காலையிலயும் இப்படித்தான் நல்லாத் தேச்சா. தவமணி சாமி படம் இருக்கான்னு பாத்தா, ரூமுல நெருப்பணைக்கிற சிலிண்டர் மட்டுந்தான் இருந்துச்சு, செகப்பா, அதையே கும்பிட்டுக்கிட்டா. பரிதா மிஷினுக்குத் திரும்பி, "நான் சொன்னதும் நிப்பாட்டுங்க. ஒண்ணு..." தவமணிக்கு ஒரு வெறியே வந்துருச்சு. இந்த தடவ விடப்போறதில்ல. காலையில ஏனோதானோன்னு கட்டுனது, இப்ப நெசமாவே தம் கட்டணும். புஸ், புஸ், புஸ்ஸுன்னு காத்தத் தள்ளி, தொடயில பட்டுன்னு ஒரு தட்டுத் தட்டி, நெஞ்சு நெறய இழுத்து வயித்த இறுக்குனா. தொடயத் தட்டுன வேகத்துல வயரு சுண்டி, பரிதா திடுக்குன்னு திரும்புனா. திரும்பிப் பாத்தது என்ன? கழுத்து நரம்பு பொடச்சு, கன்னம் உப்பி, கண்ணு ரெண்டும் செவுத்துல யாரையோ தொடப் போற மாதிரி மொறச்சுக்கிட்டு, ஆராய்ச்சிக்கு வந்த அக்கா நாற்காலிய விட்டுப் பாதி எந்திரிச்சு நிக்கிறா. "அக்கா! அக்கா, விடுங்க, மூச்ச விடுங்க! என்ன பண்றீங்க?" புஸ்ஸுன்னு விட்டா. "நீதானம்மா நிப்பாட்டச் சொன்ன." "அதுக்கு முன்னாடி எதுக்கு அப்படி மூச்சு வாங்குனீங்க?" "தம் கட்டுறதுன்னா அப்படித்தானம்மா கட்டணும். பாடிப் போறப்ப சும்மா போனா பாதியில புடுங்கிக்கும்." பரிதா கண்ணாடியக் கழட்டுனா. அவளப் பாத்தா, தெரையப் பாத்தா. "காலையிலயும் இப்படித்தான் பண்ணீங்களா?" "தொடயத் தட்டல. மத்ததெல்லாம் இப்படித்தான்." "அய்யோ அல்லா"ன்னு அந்தப் பிள்ள தலையில கைய வச்சுக்கிட்டு அப்படியே ஸ்டூலுல உக்காந்து, உக்காந்த எடத்துலயே சிரிக்க ஆரம்பிச்சுருச்சு. "நான் காலையில பயந்தே போயிட்டேன்க்கா. எல்லாருக்கும் ஏறணும், உங்களுக்கு எறங்குது. உங்ககிட்ட சொல்லவும் கூடாது, டாக்டருக்கு மட்டும் மெசேஜ் அனுப்பிட்டு, ரெண்டு மணி நேரமா போனையும் உங்களையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்!" "நீயுமா?" "புஸ் புஸ்ஸுன்னு ஊதுனா உள்ள இருக்கிற கெட்ட காத்தெல்லாம் வெளிய போயிரும். கெட்ட காத்து சேந்தாத்தான்க்கா மூள, எனக்கு ரத்தம் கூட அனுப்புன்னு குழாயத் தெறக்கும். நீங்க அத மொத்தமாத் தொடச்சு எறிஞ்சுட்டு, அதுக்கு மேல வயித்தயும் இறுக்குனா அது சுருங்கத்தான் செய்யும். எந்த நல்ல மூளயிலயும் சுருங்கும். என் மூளயிலயும் சுருங்கும்."

தவமணி வாயத் தெறந்தபடி உக்காந்திருந்தா. உள்ள செவுரு ஒண்ணும் இல்ல, ஆச்சரியத்துல மூட மறந்த வாயிதான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலயில, ஒருத்திக்கொருத்தி தெரியாம, ஒரே பயத்த உக்காந்து வளத்திருக்காங்க! கொஞ்ச நேரம் விட்டு, மூச்செல்லாம் அடங்குனப்புறம், பரிதா இந்த தடவ மிஷின் பக்கம் போகாம அவ மொகத்துக்கு நேரா நின்னுக்கிட்டு, "கபடி வேண்டாம். ஒண்ணுமே வேண்டாம். பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி மூச்சு விடுங்க. விட்டுக்கிட்டே இருக்கும்போது அப்படியே, பாதியில, சும்மா நிப்பாட்டுங்க"ன்னா. சும்மா நிப்பாட்டுறது எம்புட்டுக் கஷ்டம்னு அன்னிக்குத்தான் தவமணிக்குத் தெரிஞ்சுச்சு. வயிறு இறுகப் பாக்குது, வேண்டாம் விடு. நெஞ்சு நெமிரப் பாக்குது, வேண்டாம் விடு. யாரையும் தொடப் போகல, யாரும் பிடிக்க வரல, எதிர்க் கோட்டுல ஆளே இல்ல. நிப்பாட்டுனா. ஷ்ஷுக். ஷ்ஷுக். அப்படியேதான் இருக்கு. கூடல. ஷ்ஷுக். கூடலயே. நெஞ்சுக்குள்ள லேசா ஒரு முட்டல், காத்து வேணும் காத்து வேணும்னு, இருடி இருன்னு அதத் தட்டிக்குடுத்துக்கிட்டு, ஷ்ஷுக்க், ஷ்ஷுக்க்க், ஏ, கொஞ்சம் கனக்குதே, சத்தம் கனக்குதே, ஷ்ஷாக், ஷ்ஷாக்க், அண்டாக்காரி எந்திரிச்சு நின்னுக்கிட்டுத் தேய்க்கிறா, சேலய இடுப்புல சொருகிக்கிட்டு ரெண்டு கையாலயும் தேய்க்கிறா, ரூம் பூராம், ஏசி சத்தத்த அமுக்கிக்கிட்டு, ஷ்ஷாக் ஷ்ஷாக் ஷ்ஷாக்னு, இத்தன மாசமா கேட்டதுக்கெல்லாம் ஒட்டுமொத்தமா பதில் சொல்ற மாதிரி. கண்ணுல தண்ணி வடிஞ்சு பசையில கலந்துச்சு. "விட்டுரலாம்க்கா"ன்னு பரிதா சொல்லியும் அவ விடல, இன்னுங் கொஞ்சம் கேட்டுட்டு விட்டா.

பட்டையக் கழட்டி, பசையத் தொடச்சு, ஒரு டம்ளர் காப்பியும் வந்துருச்சு, காலேஜ் கேன்டீன் காப்பி, தண்ணிக் காப்பி, ஆனா அமிர்தம். பரிதாதான் ஒதட்டக் கடிச்சுக்கிட்டு நின்னா. "டாக்டருக்கும் விஷயத்தச் சொல்லிட்டேன், அவரும் சிரிச்சுட்டாரு. ரெண்டு பக்கமும் நல்லா ஏறுச்சுக்கா, அது உங்க ரத்தந்தான், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா காலையில எடுத்தது தப்பாப் போச்சுல்ல? அதனால இப்ப ஏறுனது பீட்ரூட்டாலயா, இல்ல உங்களுக்கு எப்பவுமே இப்படித்தானான்னு என்னால சொல்ல முடியாது. ஆராய்ச்சிக்கு இன்னிக்கு எடுத்தது உதவாது. மறுபடி மொதல்ல இருந்து, வேற நாளு வரணும். திட்டாதீங்க." "எதுக்குத் திட்டுறேன்? எப்பவுமே இப்படித்தானா இருந்தா அதுவும் நல்லதுதானம்மா?" "ரொம்ப நல்லதுக்கா." தவமணி காப்பிய ஆத்திக்கிட்டே யோசிச்சா, அப்ப இன்னிக்குக் குடிச்சது வெறும் செகப்புத் தண்ணியா இருந்தாலும் குத்தமில்ல, உப்புத் தண்ணியா இருந்தாலும் குத்தமில்ல. பரிதா காலண்டரப் பாத்துக்கிட்டு, "ரூம் சீக்கிரமா கெடைக்கிறது சனிக்கிழமதான். சனிக்கிழம காலையில வந்துருவீங்களாக்கா?"ன்னு கேட்டா. "சனிக்கிழம எப்படிம்மா வர்றது? சிவகாசியில மேட்ச் இருக்கு, பிள்ளைகளக் கூட்டிட்டுப் போகணும்"னு சொல்லிட்டு, தவமணி அடுத்த மடக்குக் காப்பியக் குடிச்சா. குடிச்சப்புறந்தான் தான் என்ன சொன்னோம்னு அவ காதுக்கே கேட்டுச்சு. "திங்கக்கிழம போடு, வர்றேன்"னா.